பின் இடது மூலையில் பெய்த மழை

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அண்ணே, பெட்டியில இத்தனை சின்னம் போட்டிருக்காங்களே, எல்லாத்தையும் பாடமாக்கணுமா?"

வேண்டாம். சின்னங்கள் வருஷா வருஷம் மாறும். நான் பாடமாக்கியதில் பாதி இப்போது எந்தப் பெட்டியிலும் இல்லை. ஒன்றை மட்டும் விளங்கிக்கொண்டால் போதும். படத்தின் ஒலியும் ஒளியும் டிஸ்க் என்கிற தட்டில் அப்படியே கிடப்பதில்லை. அவற்றை ஏதோ ஒரு முறைப்படி கட்டி வைத்திருப்பார்கள். அந்தக் கட்டும் முறையைத்தான் ஃபோர்மட் என்கிறோம். கட்டியதை அவிழ்க்கத் தெரிந்த பெட்டி மறுமுனையில் இருக்க வேண்டும். நடுவில் ஓடும் வயர் அதைச் சிதறாமல் கொண்டுபோக வேண்டும். இதில் எது தவறினாலும் சாமான்கள் ஊமையாகிவிடும் என்று நினைக்காதீர்கள். ஊமையானால் நல்லது, உடனே தெரிந்துவிடும். அவை தங்களுக்குள் சமாதானமாகிக் குறைந்த ஒன்றைக் கொடுத்துவிட்டு, எல்லாம் சரி என்பது போல ஓடிக்கொண்டிருக்கும்.

நான் வத்தேகமக்காரன். கண்டியில் ஒரு கடைக்காக வீடு வீடாகப் போய் ஹோம் தியேட்டர் பூட்டிக் கொடுத்தே என் காலம் போனது. ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு அம்பிட்டியவில் ஒரு வீட்டுக்குப் போனேன். அன்று நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர். நீர்ப்பாசனப் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்காகக் கண்டிக்கு வந்து, இங்கேயே மலைச் சரிவில் வீடு கட்டிக்கொண்டு இருந்துவிட்டார். வீட்டில் அவரும் மனைவியும் மட்டும். டீவீ, ரிசீவர், தட்டு ஓட்டும் பிளேயர், ஸ்பீக்கர்கள் எல்லாவற்றையும் அவரே தெரிந்தெடுத்து வாங்கியிருந்தார். ரிசீவர் என்பது எல்லாச் சத்தத்தையும் வாங்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி. அதையும் அவரே இணைத்திருந்தார். பின்சுவரில் இரண்டு ஸ்பீக்கர்களை மாட்டி, வயர் வெளியே தெரியாமல் இழுத்துக் கொடுப்பது மட்டும்தான் என் வேலை.

"மற்றதெல்லாம் நான் பாத்திட்டன். நீர் துளை போட்டுக் கொழுவினால் காணும்" என்றார். முழங்கை வரை மடித்த வெள்ளைச் சேட். கையில் கையேடு, அதில் பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு.

துளை போட்டேன், ஸ்பீக்கர்களை மாட்டினேன், வயரைச் சுவரோரம் ஒளித்தேன். அவர் நடுக் கதிரையில் உட்கார்ந்து ரிமோட்டை அழுத்தினார். ஏதோ படத்தில் ஒரு கார் சீறிப் பாய்ந்தது. முன்னால் மூன்று, பின்னால் நான் மாட்டிய இரண்டு, எல்லா ஸ்பீக்கரிலும் சத்தம் வந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தீரோ? அஞ்சிலையும் வருகுது."

வந்தது உண்மைதான். ஆனால் பின்னால் வந்ததும் முன்னால் வந்த அதே சத்தம். கார் திரையில் எங்களை நோக்கி வந்து கடந்து போயிற்று. அறைக்குள் அது பின்னால் போகவில்லை, முன்னாலும் பின்னாலும் ஒரே நேரத்தில் நின்றது. நான் ரிசீவரின் முகத்தைப் பார்த்தேன். உள்ளே என்ன வந்துசேர்கிறது என்பதை அதன் சின்னத் திரை காட்டும். பெட்டியின் அட்டை பொய் சொன்னாலும் அந்த இடம் பொய் சொல்லாது. வந்துகொண்டிருந்தது வெறும் ஸ்டீரியோ, இரண்டே இரண்டு பாதை. அதை எல்லா ஸ்பீக்கருக்கும் பங்கு போடச் சொல்லும் ஒரு பொத்தானை வீட்டுக்கார ஐயா அழுத்தியிருந்தார். கையேட்டில் அந்தப் பக்கத்திலும் பென்சில் கோடு இருந்தது.

என் வேலை முடிந்திருந்தது. அவரும் சந்தோஷமாக இருந்தார். ஆணி, துரப்பணம் எல்லாவற்றையும் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கலாம். இப்படியான நேரம் உங்களுக்கும் வரும். ஒன்றும் கேட்காத வாடிக்கையாளர், முடிந்துபோன வேலை, உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு குறை.

சொல்லலாமா விடலாமா என்று நான் நின்றபோது வீட்டுக்கார அம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்தார். ஐயா முன்கதவைத் திறந்து ரோட்டைப் பார்க்கப் போயிருந்தார். அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தம்பி, எல்லாம் சரி வந்திட்டுதே? மகள் கண்டி ரவுனுக்குச் சாமான் வாங்கப் போயிருக்கிறா. வர முதல் முடிக்க வேணும் எண்டு அவ வெளிக்கிட்ட கையோடை இவர் துடங்கிட்டார்."

"மகளுக்குத் தெரியாதுங்களா அம்மா?"

"தெரியாது. பெட்டியளை இவர் அறைக்குள்ளை ஒளிச்சு வைச்சிருந்தவர். அவவுக்குக் காட்டத்தானே இதெல்லாம். சென்னையிலை படங்களுக்குச் சத்தம் சேர்க்கிறது அவவின்ரை வேலை. இவருக்கு முதல்லை பிடிக்கேல்லை. எஞ்சினியரிங் படிச்ச பிள்ளை ஏன் இதுக்குப் போகுது எண்டு. போன முறை வந்தபோது தான் செய்த படம் எண்டு ஒரு தட்டுக் கொண்டுவந்து பழைய ரீவியிலை போட்டுக் காட்டினா. மழை பெய்யிற இடம் ஒண்டு. இவர் பாத்திட்டு, 'உது மழையே? எண்ணெய் பொரியிற மாதிரிக் கிடக்கு' எண்டார். பிள்ளை எழும்பினா. தட்டைக் கழட்டி அலுமாரிக்குள்ளை வைச்சிட்டா. இப்ப திரும்ப லீவிலை வந்து நிண்டவ, நாளைக்குப் போறா."

அம்மா கோப்பையை மேசையில் வைத்தார். "அந்தச் சொல்லுச் சொன்னதிலை இருந்து மனுசன் நித்திரையில்லாமல் இந்தப் பெட்டியளைப் பற்றி வாசிச்சுக் கொண்டிருக்குது. மன்னிப்புக் கேக்கத் தெரியாது. இதுதான் தெரியும்."

தேத்தண்ணீர் சூடாக இருந்தது. ஒலியிலேயே வேலை செய்கிற பிள்ளை உள்ளே வந்து உட்கார்ந்தால் முதல் நொடியிலேயே கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்தாலும் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, நல்லா இருக்கு அப்பா என்று சொல்லும். அவர் நம்புவார், அல்லது நம்பமாட்டார். எப்படியென்றாலும் அந்த மழை மறுபடியும் எண்ணெய் பொரிகிற மாதிரித்தான் கேட்கும்.

ஐயா உள்ளே வந்தார். சொன்னேன்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. அஞ்சு ஸ்பீக்கர்லயும் சத்தம் வருது. ஆனா அஞ்சு சத்தம் வரல்ல. ரெண்டுதான் வருது. அதையே அஞ்சா ஊத்திக் குடுக்குது."

அவர் முகம் இறுகியது. ரிசீவர் வந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிக் காட்டினார். "இஞ்சை வடிவா எழுதிக் கிடக்கு. எல்லா ஃபோர்மட்டும் ஏற்குமாம்."

"ஏத்துக்கும் ஐயா. அதுக்கிட்ட போய்ச் சேரணுமே."

அவர் அட்டைப்பெட்டியைக் கீழே வைத்தார். ரிசீவருக்கு முன்னால் குனிந்து சின்னத் திரையைப் பார்த்தார், பிறகு பின்பக்கம் போய் வயர்களைப் பார்த்தார். கோபத்தில் என்னைப் போகச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்.

"அப்ப குளத்திலை தண்ணி கிடக்கு. வயலுக்கு வரேல்லை. நடுவிலை எங்கையோ மதகு மூடிக் கிடக்கு. அதுதானே சொல்லுறீர்?"

"அதேதாங்க."

"அப்பிடியெண்டால் குளத்திலை இருந்து துடங்குவம்."

உங்களுக்கு நான் எத்தனையோ முறை சொன்ன பாடம் இது. இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடிந்ததில்லை. கோளாறு என்றால் ஸ்பீக்கரிலிருந்து பின்னோக்கிப் போய்த் தடவாதீர்கள். ஊற்றிலிருந்து புறப்பட்டு ஒவ்வொரு மதகாகப் பார்த்துக்கொண்டே வாருங்கள்.

மகளின் தட்டை அலுமாரியிலிருந்து எடுத்தார். அதில் ஐந்து தசம் ஒன்று, அதாவது 5.1 என்ற ஒலி இருந்தது. முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, அடிவயிற்றில் அதிரும் தாழ்ந்த சத்தத்துக்குத் தனியாக ஒன்று. குளம் நிறைந்திருந்தது. பிளேயரைப் பார்த்தோம், அதுவும் சரி. ஆனால் ஐயா பிளேயரின் வயரை நேரே டீவீக்குக் கொடுத்திருந்தார். டீவீயிலிருந்து இன்னொரு வயர் சத்தத்தை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பியது. பெரும்பாலானவர்கள் இப்படித்தான் இணைப்பார்கள், பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த டீவீ தனக்கு வந்த ஆறு பாதையையும் இரண்டாகச் சுருக்கித்தான் வெளியே விட்டது.

"இந்த மதகுதான்" என்றார் ஐயா. குரலில் கோபம் போய்விட்டிருந்தது. ஒரு வேலைத்தளத்தில் நிற்கிறவரின் குரல் அது.

பிளேயரின் வயரை டீவீயிலிருந்து கழற்றி நேரே ரிசீவரில் மாட்டினேன். ரிசீவரிலிருந்து டீவீக்குப் படம் போகட்டும் என்று இன்னொரு வயர் கொடுத்தேன். ஒலியை அவிழ்க்காமல் கட்டியபடியே அனுப்பும்படி பிளேயருக்குச் சொன்னேன். ரிசீவரின் முகத்தில் ஆறு பாதையும் விளக்குப் போல எழுந்தன. ஐயா கையைத் தட்டினார். இருவரும் டீவீயைப் பார்த்தோம்.

கறுப்பு. படமே இல்லை.

அந்த நேரம் பார்த்து அம்மாவின் போன் அடித்தது. "மகள் ஆட்டோ எடுத்திட்டாவாம். வாறாவாம்."

ஐயா வாங்கிய ரிசீவர் நல்ல சாமான்தான், ஆனால் கொஞ்சம் பழைய மொடல். ஒலியில் எல்லாம் தெரியும். படத்தில் அதன் வழியாகச் சாதாரண எச்.டி. மட்டும்தான் போகும். அந்தத் தட்டிலோ 4கே படம், அதுவும் எச்.டி.ஆர். முறையில் கட்டியது. 4கே என்பது நுணுக்கம், புள்ளிகள் கூட. எச்.டி.ஆர். என்பது வெளிச்சத்தின் ஆழம். இருட்டு இருட்டாகவே இருக்க, விளக்கு மட்டும் கண்ணைக் கூச வைக்கும். எப்போதும் 4கேயையே அனுப்பும்படி ஐயா பிளேயரில் வைத்திருந்தார், அத்தனையும் அந்த ரிசீவரின் வாசலால் நுழையவில்லை.

இரண்டு வழி இருந்தது. பழையபடி மாட்டினால் டீவீ தன் முழு அழகோடு படத்தைக் காட்டும், ஒலி இரண்டாகச் சுருங்கும். புது வழியில் போனால் ஒலி முழுதாக வரும். படத்தைச் சாதாரண எச்.டி.க்கு இறக்கிவிட வேண்டும். வேறு ரிசீவர் கடையில் இருந்தது. கொண்டுவந்து மாட்டுவதற்குள் பிள்ளை வந்துவிடும்.

அந்த டீவீயை ஐயா எவ்வளவு ஆசையோடு வாங்கியிருந்தார் என்பது எனக்குத் தெரியும். நான் துளை போட்டுக்கொண்டிருந்தபோதே அதில் மலை உச்சி, கடலடி மீன் என்று படங்களைப் போட்டு, "பாரும், இலை நரம்புகூடத் தெரியுது" என்று காட்டிக்கொண்டிருந்தார். இந்த இடத்தில் நாமாக முடிவெடுக்கக் கூடாது, கேட்டுவிட வேண்டும். அவசரம் என்பதற்காக வீட்டுக்காரரின் ஆசையை நாம் தெரிவு செய்யக் கூடாது.

"ஐயா, இன்னைக்கு ரெண்டையும் ஒண்ணா தர முடியாது. படம் முழுசா வேணுமா, சத்தம் முழுசா வேணுமா? நீங்கதான் சொல்லணும்."

அவர் கறுத்துக் கிடந்த திரையைப் பார்த்தார். யோசிக்க நேரம் எடுக்கவில்லை.

"சத்தம் முழுசா வரட்டும்."

அமைப்புப் பக்கம் தெரிவதற்காகப் பிளேயரைக் கழற்றி டீவீயில் மாட்டி, படத்தை எச்.டி.க்கு இறக்கிவிட்டு, மறுபடி ரிசீவரில் மாட்டினேன். படம் வந்தது. கொஞ்சம் தட்டையான படம்தான். ஸ்பீக்கர் ஒவ்வொன்றுக்கும் தூரத்தையும் அளவையும் சரிசெய்து கொண்டிருந்தபோது வெளியே ஆட்டோ நிற்கும் சத்தம் கேட்டது. ஐயா மடித்த சேட் கைகளை இறக்கிவிட்டுப் பொத்தான் போட்டுக்கொண்டார்.

மகளுக்கு முப்பது வயதுக்குக் கொஞ்சம் மேலிருக்கும். கையில் துணிக்கடைப் பைகள். வாசலில் நின்று சுவரைப் பார்த்தாள், ஸ்பீக்கர்களைப் பார்த்தாள், தரையில் கிடந்த சுவர்த்தூளைப் பார்த்தாள். பிறகு அவள் கண் நேரே ரிசீவரின் முகத்துக்குப் போயிற்று. அந்த இடத்தைப் பார்க்கத் தெரிந்த பிள்ளை. பைகளை மெல்லக் கீழே வைத்தாள்.

"அப்பா, என்னப்பா இது?"

"ஒண்டுமில்லை. உன்ரை தட்டைப் போடு. அந்த மழை வாற இடம்."

நான் பையைத் தூக்கப் போனேன். அவள் என்னைப் பார்த்து, "அண்ணா, கொஞ்சம் நில்லுங்கோ" என்றாள். சுவரோரம் நின்றேன்.

காட்சியில் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பெண் குசினியில் அடுப்புப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து யாருக்கோ காத்திருக்கிறாள். பேச்சில்லை, பாட்டில்லை. பழைய டீவீயில் பார்த்தபோது ஐயாவுக்கு ஒன்றும் நடக்காதது போலத்தான் இருந்திருக்கும்.

முதலில் தலைக்குப் பின்னால் எங்கோ இலைகள் அசைந்தன. பிறகு தூரத்துத் தகரத்தில் ஒரு துளி, இன்னொரு துளி. மழை மலைமேலிருந்து இறங்கி வருவது போல அறையின் வலப்பக்கமாக வந்து, எங்களைக் கடந்து, கூரை முழுக்கப் பரவியது. ரோட்டில் ஒரு பஸ் கியர் மாற்றிக்கொண்டு ஏறியது. அது போய்த் தேய்ந்த பிறகும் மழைக்குள் அதன் ஈரம் மிச்சமிருந்தது. அம்மா சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார். இத்தனை வருஷமாக இந்தச் சாமான்களைப் பூட்டுகிறவன் நான். என் கையில் மயிர் குத்திட்டு நின்றது.

அப்போது பின் இடது மூலையில் இன்னொரு சத்தம் தொடங்கியது. தண்ணீர் ஓரிடத்தில் திரண்டு, பிளந்து, சீமெந்துப் படியில் விழும் சத்தம். டொக், டொடொக், டொக்.

ஐயா சட்டென்று திரும்பினார்.

"அந்தப் பீலி திரும்ப ஒழுகுது."

யாரும் ஒன்றும் சொல்வதற்குள் எழுந்துவிட்டார். "குசினிப் பக்கம் கூரைத் தண்ணி ஓடுற பீலி. மூட்டிலை ஒழுகுது. நான் அதை மாத்திப் போட்டனான் எல்லோ?" என்று சொல்லிக்கொண்டே பின்கதவைத் திறந்துகொண்டு போனார். படம் ஓடிக்கொண்டிருந்தது. மகள் அசையவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

நான் ஜன்னலால் பார்த்தேன். வெளியே நல்ல வெயில். ஹந்தானை மலை துலாம்பரமாகத் தெரிந்தது. ஐயா முற்றத்தில் நின்று கூரையின் பீலியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கீழே படியைப் பார்த்தார், காய்ந்து கிடந்தது. குனிந்து அதைக் கையால் தொட்டுப் பார்த்தார்.

உள்ளே வந்தபோது குரல் மாறியிருந்தது. "பிள்ளை, உது எங்கை பிடிச்சது?"

"இஞ்சைதான் அப்பா. நீங்கள் பீலி மாத்த முதல். நான் லீவிலை வந்து நிண்டபோது ஒருநாள் சரியான மழை. குசினி ஜன்னலுக்கு வெளியிலை மைக்கைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனே, நினைவிருக்கோ?"

"மழைக்குள்ளை நிண்டு என்ன விளையாட்டு எண்டு ஏசினன்."

"ஓம். அதுவும் அதிலை பதிஞ்சிருந்தது. அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்திட்டுத்தான் படத்துக்குக் குடுத்தன்."

"எறிஞ்சிட்டியோ?"

"இல்லை. வைச்சிருக்கிறன்."

அவர் தலையை ஆட்டினார். பின் இடது ஸ்பீக்கருக்குக் கீழே போய் நின்று அதை அண்ணாந்து பார்த்தார், சற்று முன் பீலியைப் பார்த்தது போலவே. "அந்த மூட்டு இப்ப இல்லை. நானே கழட்டி எறிஞ்சனான்" என்றார், யாரிடமும் இல்லாமல். "ஆனால் அதே சத்தம். அதே இடம். கதிரையிலை இருந்தால் குசினி அந்தப் பக்கம்தானே."

"அதுக்காகத்தான் அப்பா அதை இடப்பக்கம் வைச்சனான். எங்கடை வீட்டிலை அது இடப்பக்கம்."

யாரோ தொலைதூரத்து ஊர்களில் இருட்டு அரங்குகளில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்திருப்பார்கள். அவர்கள் எல்லோருக்கும் பின்னால், இடப்பக்கம், இந்த அம்பிட்டிய வீட்டுக் குசினிப் பீலி ஒழுகியிருக்கிறது. இரண்டு பாதைக்குள் நெருக்கிவிட்டால் அது வெறும் இரைச்சல். தன் பாதையில் தனியாக வந்தால், ஒரு மனிதரைக் கதிரையிலிருந்து எழுப்பி முற்றத்துக்கு அனுப்பிவிடுகிறது. ஃபோர்மட் என்று நாம் சொல்லிக்கொண்டு திரிவது இதைத்தான்.

ஐயா என் பக்கம் திரும்பினார். "நீர் ஏன் சுவரிலை சாஞ்சு கொண்டு நிக்கிறீர்? வாரும், இதிலை இரும்." தன் நடுக் கதிரையைக் காட்டினார். "பிள்ளை, முதல்லை இருந்து போடு. இவர் கேக்க வேணும்."

"வேணாம் ஐயா, கடைக்குப் போகணும்" என்றேன். அவர் விடவில்லை, தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்.

தம்பிகளே, தங்கைகளே, உட்கார்ந்த பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. எத்தனையோ வீடுகளில் ஸ்பீக்கர் ஸ்பீக்கராகச் சோதித்திருக்கிறேன். சத்தம் வருகிறதா, அதிர்கிறதா, பிசிறுகிறதா என்று காதை வைத்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் நான் பூட்டிக் கொடுத்த அறையில் நடுக் கதிரையில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. நீங்கள் உட்காருங்கள். யாரும் சொல்லாவிட்டாலும் கேட்டு வாங்கியாவது ஒரு காட்சிக்கு உட்காருங்கள்.

மகள் முதலிலிருந்து போட்டாள். இலைகள் அசைந்தன. தகரத்தில் ஒரு துளி விழுந்தது. மழை மலையிறங்கி வந்தது, பஸ் ஏறிப் போனது. பின்னால் என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். பிஸ்கட் டின் அளவுப் பெட்டி ஒன்று என் தலைக்குப் பின்னால் தொங்குகிறது. அதற்குத் துளை போட்டு ஆணி இறக்கி வயர் இழுத்து மாட்டியவனே நான். வெளியே வெயில் எறிக்கிறது என்பதையும் கண்ணால் பார்த்திருந்தேன்.

டொக், டொடொக், டொக்.

நானும் திரும்பிப் பார்த்தேன்.